கண்மாய்க் கரம்பையும் மன்னார் வாயுவும்

கேள்வி:

நான் பிறந்தது ராஜபாளையம், வாக்கப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் என் தம்பிக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. தோப்போரத்து வாய்க்காலில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் மயில் கழுத்து நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. பக்கத்தில் டீசல் மோட்டார்கூட கிடையாது. "அடியில பெட்ரோல் இருக்கு, ஓஎன்ஜிசிக்கு எழுதிப் போடு" என்கிறார்கள் ஊர்க்காரர்கள். என் மகள் எம்.எஸ்ஸி. ஜியாலஜி படிக்கிறாள். மன்னார் வளைகுடாவின் மூலப்பாறைகளைப் பற்றி ப்ராஜெக்ட் செய்யப் போகிறாளாம். "மாமா தோப்பில் எண்ணெய் இருக்க வாய்ப்பே இல்லை, மன்னாரில் இருக்கலாம்" என்று அடித்துச் சொல்கிறாள். ஏன் என்று கேட்டால் எனக்குப் புரியாத சொற்களாக அடுக்குகிறாள். மன்னார் கடலில் 2011-லேயே வாயு கிடைத்ததாகச் செய்தி வந்ததே, பிறகு ஏன் ஒன்றும் நடக்கவில்லை? நாலைந்து கிணறு மட்டும் போட்ட கடலில், கைப்பிடிப் பாறைத் தூளை வைத்துக்கொண்டு எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்ல முடியும்?

— ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்:

அம்மா, முதலில் அந்த வாய்க்காலைப் பார்த்துவிடுவோம். தம்பியை ஒரு குச்சியால் படலத்தைக் குறுக்கே கீறச் சொல்லுங்கள். கண்ணாடி உடைந்ததுபோல் சில்லு சில்லாகப் பிரிந்து, சில்லுகள் தனித்தனியாக நின்றால் அது இரும்புப் பாக்டீரியா கட்டிய ஏடு. கீறிய இடம் சுழித்துக்கொண்டு மறுபடி ஒட்டிக்கொண்டால்தான் எண்ணெய். மண்ணுக்கடியில் காற்றுப் படாமல் ஊறிவரும் தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கும். அது வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாகப் படியும். அந்த மாற்றத்திலிருந்து சக்தி எடுத்து வாழும் பாக்டீரியாக்கள் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு கட்டும். வாய்க்காலின் அடியைப் பாருங்கள், வழவழவென்று செங்காவி நிறச் சேறு இருக்கும். தம்பியின் தோப்பில் ஏடு உடைந்து நிற்கும் என்றே எதிர்பார்க்கிறேன். அதற்குக் காரணம் தோப்புக்கு அடியில் இருக்கும் பாறை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கிற மலை முழுக்கச் சார்னோகைட்டும் நைஸ் வகைப் பாறைகளும்தான். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெந்த பாறைகள் இவை. மேலிருந்த சுமை தேய்ந்து போனதால் இன்று வெயிலில் நிற்கின்றன. அப்படி வெந்த பாறைக்குள் ஒரு காலத்தில் உயிர்ப்பொருளின் கரி இருந்திருந்தாலும் அது எண்ணெயாக மிஞ்சாது, கிராஃபைட்டாக முடிந்திருக்கும். சிவகங்கைப் பக்கம் வெட்டியெடுக்கிறார்களே பென்சில் கரி, அளவு மீறி வெந்த கார்பன் எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இந்த இடத்தில் உங்கள் மகளை யாராவது மடக்கலாம். மயிலாடுதுறை மாவட்டத்து மாதானத்தில் ஓஎன்ஜிசி எண்ணெய் எடுப்பது இதே மாதிரியான கடும்பாறையின் விரிசல்களிலிருந்துதான். காவிரிப் படுகையின் கடல் பகுதியில் இருக்கும் பிஒய்-1 வயலிலும் வாயு கடும்பாறைக்குள்தான் இருந்தது. அங்கே இருக்கும்போது ராஜபாளையத்தில் ஏன் இருக்கக் கூடாது? கேள்வி நியாயமானது. மாதானத்துப் பாறை அந்த எண்ணெயை உண்டாக்கவில்லை, குடிவைத்திருக்கிறது, அவ்வளவே. பக்கத்துப் பள்ளத்தில் ஆயிரக்கணக்கான மீட்டர் தடிமனுக்குப் படிந்த கருஞ்சேற்றுப் பாறையில் பிறந்து, பிளவுகள் வழியே ஊர்ந்து வந்து அந்த விரிசல்களில் ஒதுங்கியது. பிறந்த இடம்தான் மூலப்பாறை. வந்து தங்கிய இடம் தேக்கப்பாறை. மேலே போய்விடாமல் தடுப்பது மூடுபாறை. உங்கள் மலையில் விரிசல் ஏராளம். ஆனால் பக்கத்தில் மூலப்பாறை கிடையாது. நெல்லே விளையாத ஊரில் குதிர் எத்தனை பெரிதாக இருந்து என்ன பயன்?

மூலப்பாறை என்பது என்ன என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். கோடையில் கண்மாய் வற்றும்போது வண்டியில் கரம்பை அள்ளுவார்களே, அப்போது ஒரு நடை போய் வாருங்கள். மேலே வெடித்துக் காய்ந்த மண் சாம்பல் நிறத்தில் இருக்கும். முழங்கை ஆழம் தோண்டினால் கருகருவென்று, அழுகிய முட்டை வாடையோடு சேறு வரும். அந்தச் சேற்றைப் பிட்டால் உள்ளே இலைக்காம்பும் நரம்பும் அப்படியே இருக்கும், பல ஆண்டுக்கு முந்தைய இலையாக இருந்தாலும். அதே இலை ரோட்டில் விழுந்திருந்தால் அடுத்த மழைக்குள் மக்கி மறைந்திருக்கும். ஆக்சிஜன் எட்டாத சேறு இலையைக் காப்பாற்றிவிட்டது. அந்தக் கண்மாய் வற்றாமல், மேலே இரண்டு மூன்று கிலோமீட்டர் தடிமனுக்கு மண் அமர்ந்து, பல கோடி ஆண்டுகள் போனால் நம் கரம்பை ஒரு மூலப்பாறை.

ஆனால் எந்த உயிர்ப்பொருள் புதைந்தது என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் பொருள் மாறும். மன்னாரின் கதையே இங்கேதான் இருக்கிறது. கடலிலும் ஏரியிலும் மிதக்கும் பாசியும் நுண்ணுயிரும் கொழுப்பு மிகுந்தவை. அவை புதைந்தால் எண்ணெய். நிலத்துத் தாவரத்தின் இலை, கட்டை, பட்டை எல்லாம் நார். அவை புதைந்தால் பெரும்பாலும் வாயு. இப்படிப் புதைந்து இறுகிய கரிமப் பொருளுக்குக் கெரோஜன் என்று பெயர். ஏரிப்பாசியிலிருந்து வருவதை முதல் வகை, கடல் நுண்ணுயிரிலிருந்து வருவதை இரண்டாம் வகை, நிலத்தாவரத்திலிருந்து வருவதை மூன்றாம் வகை என்பார்கள். புதையும் முன்பே காற்றில் எரிந்து சத்துப் போனது நான்காம் வகை. அதிலிருந்து ஒன்றும் வராது.

நீங்கள் பிறந்த ஊரின் முடங்கியாறு எங்கே போகிறது? மலையிலிருந்து இறங்கி வைப்பாற்றோடு சேர்ந்து, விளாத்திகுளம் தாண்டி, மன்னார் வளைகுடாவில் விழுகிறது. அய்யனார் அருவிப் பக்கம் உதிர்ந்த இலையின் ஒரு துணுக்கு இன்றும் அந்தக் கடலின் அடியில் போய் அமர்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் வேறு, மரங்கள் வேறு. ஆனால் நிலத்துக்கும் கடலுக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல் இதுவே. இந்தியாவும் இலங்கையும் ஒட்டியிருந்த நிலம், ஜுராசிக் காலத்தின் கடைசியிலும் கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்திலும் இழுபட்டு விரிந்தது. முழுதாகப் பிளந்து சமுத்திரமாகாமல் பாதியில் நின்றுபோன அந்தப் பள்ளம்தான் மன்னார்ப் படுகை. இரு பக்கமும் கரை நெருங்கியிருந்ததால், இரண்டு பக்கத்திலிருந்தும் நிலத்துச் சருகு வந்து கொட்டியிருக்கும். மகள் எடுக்கும் ஒவ்வொரு மாதிரியிலும் முதலில் கேட்க வேண்டியது இதை: இந்தச் சேற்றில் சருகு அதிகமா, பாசி அதிகமா?

கைப்பிடித் தூள் பதில் சொல்வது இந்தக் கேள்விக்குத்தான். உண்மையில் கைப்பிடிகூட வேண்டாம், ஒரு சிட்டிகை போதும். நூறு மில்லிகிராமுக்கும் குறைவு. ராக்-எவல் என்று ஒரு கருவி. 1970களில் பிரெஞ்சுப் பெட்ரோலிய நிறுவனத்தில் உருவாகி உலகமெங்கும் பரவியது. தூளைச் சின்னக் குவளையில் போட்டு, ஆக்சிஜன் படாமல் 300 டிகிரியில் வைத்தால், பாறையில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெயும் வாயுவும் ஆவியாகும். அந்த அளவு எஸ்-1. பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் சூட்டை ஏற்றுவார்கள். கெரோஜன் உடைந்து புதிதாக எண்ணெயும் வாயுவும் பிறக்கும். அது எஸ்-2. எஸ்-2 உச்சத்தைத் தொடும் வெப்பநிலை டி-மேக்ஸ். இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்லச் செய்வதை, சூட்டைப் பல மடங்கு கூட்டி அரை மணிக்குள் செய்து பார்க்கிற வேலை.

ஒரு கணக்கு சொல்கிறேன், மகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். இரண்டு பாறைத் துண்டுகள். முதல் துண்டில் கரிமக் கார்பன் 2 சதவீதம், எஸ்-2 கிராமுக்கு 3 மில்லிகிராம். இரண்டாவதில் கார்பன் 1.2 சதவீதம்தான், ஆனால் எஸ்-2 கிராமுக்கு 5.4 மில்லிகிராம். எது நல்ல பாறை? கார்பனை மட்டும் பார்த்தால் முதலாவது. அரை சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் மூலப்பாறையாகக் கணக்கில் எடுப்பார்கள். 2 சதவீதம் நல்ல அளவு. ஆனால் எஸ்-2ஐ நூறால் பெருக்கிக் கார்பன் சதவீதத்தால் வகுத்தால் முதலாவதுக்கு 150, இரண்டாவதுக்கு 450. இதை ஹைட்ரஜன் குறியீடு என்பார்கள். 150 என்றால் சருகு, வாயு தரும். 450 என்றால் பாசி, எண்ணெய் தரும். கருப்பாக இருப்பதெல்லாம் எண்ணெய் தராது என்பதை இந்த ஒரு வகுத்தல் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் சதவீதத்தை மட்டும் பெரிதாகப் போட்டு 'அருமையான மூலப்பாறை' என்று முடிக்கும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை. மகளும் நம்ப வேண்டாம்.

அடுத்தது பக்குவம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பால் சூடு குறைந்தால் பாலாகவே கிடக்கும், மிஞ்சினால் அடிப்பிடிக்கும். இடையில் ஒரு பதத்தில்தான் பால்கோவா. மூலப்பாறைக்கு ஏறக்குறைய 60 முதல் 150 டிகிரி வரை எண்ணெய்ப் பதம். அதற்கு மேல் வாயுப் பதம். 200 டிகிரியைத் தாண்டிப் போனால் பெரும்பாலும் எல்லாம் தீர்ந்த கரி. டி-மேக்ஸ் 435-க்குக் கீழே என்றால் பாறை இன்னும் பச்சை. 435 முதல் 465 வரை எண்ணெய்ப் பதம். சருகிலிருந்து வந்த விட்ரினைட் துணுக்கைப் பாலிஷ் போட்டு, அதில் ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று மைக்ராஸ்கோப்பில் அளப்பது இன்னொரு வழி. 0.6 சதவீதத்தில் எண்ணெய் தொடங்கும், 1.3-இல் ஏறத்தாழ முடியும். வெந்து முடித்த பாறையில் இன்று அளக்கும் கார்பன் மிச்சம் மட்டுமே. பால் சுண்டிய சட்டியைப் பார்த்து எத்தனை படி ஊற்றினார்கள் என்று கணக்குப் போடுகிற வேலை அது, தொடக்க அளவைத் திருப்பிக் கணக்கிட வேண்டும்.

இனி மன்னார். இலங்கைப் பக்கம் 1970களில் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறு போட்டார்கள். 1981-இல் வளைகுடாவில் பேர்ல்-1 கிணறு போடப்பட்டது. இரண்டும் கைகொடுக்கவில்லை. 2011-இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் ஜப்பானின் 'சிக்யு' துளையிடும் கப்பலைக் கொண்டுவந்து டொராடோ, பாரகூடா என்ற இரு கிணறுகளில் வாயுவைக் கண்டது. டொராடோவில் கடல்நீரின் ஆழம் 1,354 மீட்டர். வாயு இருந்த மணற்பாறை 3,044 முதல் 3,069 மீட்டர் வரை. நீர் ஆழத்தைக் கழித்துவிட்டால், கடல் தரைக்கு அடியில் சுமார் 1,700 மீட்டர்தான். அவ்வளவு ஆழமான கடலின் தரை ஐஸ் தண்ணீர்போல் நாலைந்து டிகிரியில் இருக்கும். அங்கிருந்து கிலோமீட்டருக்கு 30 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும் அந்த மணற்பாறையின் சூடு ஏறத்தாழ 55 டிகிரிதான் இருக்கும். நம் வீட்டில் குளிக்கக் காய வைக்கும் வெந்நீர்ச் சூடு. அந்தச் சூட்டில் கெரோஜன் வேகாது.

அப்படியென்றால் அந்த வாயு அங்கே பிறக்கவில்லை. ஆழத்தில், சூடான அடுக்கில் பிறந்து மேலேறி வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆழமில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய மீத்தேனாக இருக்க வேண்டும், கண்மாயைக் குச்சியால் கிளறினால் குமிழ் வருகிறதே அதைப்போல. இரண்டையும் பிரித்துச் சொல்லக் கார்பன் ஐசோடோப்பு அளவீடு உண்டு. வாயுவோடு ஈத்தேன், புரோப்பேன், கொஞ்சம் திரவம் எல்லாம் கலந்து வந்தால் ஆழத்துச் சமையல் என்ற பக்கம் சாயலாம். மகளின் ப்ராஜெக்டுக்கு உயிரான கேள்வி இதுதான். வாயு கிடைத்தது என்பது செய்தி. எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கிணற்றை எங்கே போடுவது என்று சொல்லும்.

பிறகு ஏன் நடக்கவில்லை என்று கேட்டீர்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழக் கடலில் ஒரு கிணற்றுக்கே பெரும் பணம் வேண்டும். குழாய் போட்டுக் கரைக்குக் கொண்டுவர அதைவிடப் பல மடங்கு. அதற்கு ஈடுகட்டும் அளவு வாயு இருக்கிறது என்று உறுதியாகவில்லை. அடுத்துப் போட்ட கிணறுகள் ஏமாற்றின. கச்சா எண்ணெய் விலையும் 2014 கடைசியில் விழுந்தது. 2015-இல் கெய்ர்ன் விலகிக்கொண்டது.

குறைவாகத் தோண்டிய படுகையில் மூலப்பாறையைப் பார்ப்பவர் எதிர்கொள்ளும் பெரிய சங்கடம் பணமல்ல. எண்ணெயும் வாயுவும் மேலேறும் குணம் கொண்டவை என்பதால் கிணற்றைப் பெரும்பாலும் மேட்டில்தான் போடுவார்கள். மூலப்பாறை தடித்தும் செழித்தும் இருப்பதோ பள்ளத்தில். ஜியாலஜிக்காரர்கள் அந்தப் பள்ளத்தைச் சமையலறை என்றே சொல்வார்கள். சமையலறைக்குள் கிணறு போடுவது அரிது. திண்ணையில் சிந்திய பருக்கையை வைத்து உள்ளே என்ன சமைத்தார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் மேட்டுக் கிணற்றில் கார்பன் குறைவாகக் கிடைத்தால் 'மன்னாரில் மூலப்பாறை இல்லை' என்று எழுதுவது அவசரம். அடியிலுள்ள பழைய அடுக்குகளை இந்தக் கிணறுகள் போதிய அளவு தொடவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

திண்ணையைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கச் சில வழிகள் உண்டு. பக்கத்து வீடு காவிரிப் படுகை; அங்கே ஆண்டிமடம் அடுக்கும் சாத்தப்பாடிக் களிப்பாறையும் எண்ணெய் தந்தவை என்று தெரியும். இரண்டும் நம் ஊர்களின் பெயர்கள். ராமநாதபுரம் பக்கத்து வாயுவில்தான் வழுதூர் மின்நிலையம் ஓடுகிறது. ஆகவே அதே வயது அடுக்குகள் மன்னாருக்கு அடியிலும் இருக்கலாம் என்று எதிர்பார்ப்பது வெறும் ஆசையல்ல. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் அந்த வயதுக் களிப்பாறை வெளியே தலைகாட்டுகிறது. அம்மோனைட்டும் பெலெம்னைட்டும் காலில் இடறும். தெரணிக் களிமண் குழிகளில் அதற்கும் முந்தைய தாவரங்களின் இலைப்பதிவுகள் கிடைக்கின்றன. மகள் இரண்டு இடத்துக்கும் போய்வர வேண்டும். ஆனால் மேலே கிடப்பதைப் பொறுக்கி வரக் கூடாது. வெயிலும் மழையும் பட்ட பாறையில் கரிமம் எரிந்துபோயிருக்கும். புதிதாக வெட்டிய குழியின் அடியிலிருந்து எடுக்க வேண்டும். கடலில் என்றால், தரைச் சேற்றில் நீண்ட குழாயை இறக்கி மண் எடுத்து, அதில் ஆழத்திலிருந்து கசிந்த எண்ணெயின் தடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தத் தடத்தில் ஓலியனேன் என்ற மூலக்கூறு இருந்தால் பூக்கும் தாவரங்கள் பங்களித்திருக்கின்றன என்று பொருள். ஜுராசிக் மூலப்பாறை மட்டுமே தந்த எண்ணெயாக அது இருப்பது கடினம். ஒரு மூலக்கூறு பாறையின் வயதுக்குச் சாட்சி சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

ஒரு பழைய கசப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடல் கிணற்றிலிருந்து வந்த மாதிரிகளில் எஸ்-1 மிக உயர்வாக வந்தது. ஆழம் குறைவு, டி-மேக்ஸோ 420-ஐத் தாண்டவில்லை. வேகாத பாறையில் எண்ணெய் எங்கிருந்து வரும்? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. 'எண்ணெய் அறிகுறி' என்று அறிக்கை போனது. பிறகு துளையிடும் மேடையான ரிக்கின் பதிவேட்டைப் புரட்டினால், அந்த ஆழத்தில் சிக்கிக்கொண்ட குழாயை விடுவிக்க, துளைக்குள் செலுத்தும் சேற்றுக் கலவையான 'மட்'டில் டீசல் கலந்திருக்கிறார்கள். நாங்கள் அளந்தது அவர்கள் ஊற்றிய டீசலை. மட்டில் டீசல் மட்டுமில்லை, லிக்னைட் தூள் போடுவார்கள், கொட்டை ஓடு போடுவார்கள். குழாய் மரையில் கிரீஸ் இருக்கும். துளையிடும்போது உடையும் பாறைத் துணுக்குகளான கட்டிங்ஸ் மேலே வரும்போது மேல் அடுக்குச் சரிவும் அதில் கலக்கும். சருகைத் தேடுகிற ஆள் லிக்னைட் தூளை அளந்தால் முழுப் படுகையின் கணக்கே பிசகிவிடும். நாலைந்து கிணறு மட்டும் உள்ள கடலில் ஒரு தவறான எண் திருத்தப்படாமல் பல ஆண்டுகள் உலவும். அதைச் சரிபார்க்க அடுத்த கிணறு பக்கத்தில் இருக்காது.

மன்னார் வளைகுடா என்றதும் நம் பக்கத்தில் எழும் கவலையும் எனக்கு உண்டு. 21 தீவுகள், பவளப்பாறைகள், கடல் பசு மேயும் புல்வெளிகள். 1986-இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே துளையிடுவதை எதிர்ப்பவர்களின் கவலையை நான் பகிர்கிறேன். அதனால்தான் மூலப்பாறை ஆய்வை முதலில், ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிறேன். கைவசமுள்ள பழைய மாதிரிகளை நேர்மையாக அளந்து, 'இந்தப் பக்கத்துச் சமையலறை வேகவே இல்லை' என்று ஒரு மாணவி நிரூபித்தால், அந்தப் பக்கம் ஒரு கிணறு குறையும். 'இல்லை' என்று வரும் முடிவையும் அவள் தலைநிமிர்ந்து எழுதலாம்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். மாதிரி கைக்கு வந்ததும் கருவியிடம் ஓட வேண்டாம். அந்த ஆழத்தில் மட்டில் என்னென்ன கலந்தார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தண்ணீரில் கழுவி, லென்ஸ் வைத்து ஒவ்வொரு துணுக்காகப் பார்த்து, கருஞ்சாம்பல் களிப்பாறையை மட்டும் தனியே பொறுக்கட்டும். கரைப்பானில் ஊறவைத்துக் கழுவிய ஒரு பங்கையும், கழுவாத ஒரு பங்கையும் சேர்த்து அளக்கட்டும். இரண்டுக்கும் எஸ்-1 வேறுபடும். எஸ்-2வும் டி-மேக்ஸும் பெரிதாக வேறுபட்டால் அந்த மாதிரியை ஒதுக்கிவிட வேண்டும். ஆழத்தைக் கடல் தரையிலிருந்து கணக்கிட்டு எழுதட்டும். விடுமுறைக்கு வரும்போது தோப்பு வாய்க்காலில் அந்தக் குச்சியை அவள் கையிலேயே கொடுங்கள். ஏடு உடையாமல் ஒட்டிக்கொண்டால் மட்டும் எனக்கு எழுதுங்கள், நானே ராஜபாளையத்துக்கு வருகிறேன்.